அறுபது மீட்டர் சந்தேகம்

பரக்கத் அலி இருமினார். அடுத்த கணம் ஸ்தனிஸ்லாஸின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது. வெடிச்சத்தத்தோடு ஒட்டிப் பிறந்தவன்போல ஓரத்துத் தடத்திலிருந்து அடைக்கலம் பாய்ந்தான். அந்த அரையிறுதியில் ஓடிய மற்ற ஐந்து பேரும் கடைசிவரை அவன் முதுகைத்தான் பார்த்தார்கள்.

ஸ்தனிஸ்லாஸுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாகத் திருச்சியில் ஓட்டப் பந்தயங்களைச் சுட்டுத் தொடங்கிவைக்கிறவர் அவர். தன் வெடிக்கு முன்னால் ஓர் எறும்புகூட நகர்ந்ததில்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிற மனிதர்.

1987 ஜனவரி மாதம் அது. வெளிநாட்டில் நடக்கப்போகும் உள்ளரங்கத் தடகளப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். கூரைக்குக் கீழே ஓடவேண்டிய பந்தயம் என்பதால், அரியமங்கலத்தில் ஒரு பழைய தகரக் கொட்டகையைக் காலிசெய்து ஆறு தடம் போட்டிருந்தார்கள். அறுபது மீட்டர், ஏழு விநாடி. முதலில் வருகிறவன் மட்டும்தான் விமானம் ஏறுவான்.

அடைக்கலம் துறையூர் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் தொற்றிப் பழகிய கால். நெரிசலில் பின்சீட்டில் யாரோ முணுமுணுக்கும் ஊர்ப்பெயரைப் பிடித்து டிக்கெட் கிழிக்கிற காது. ஆனால் காலையில் முதல் சுற்றில் வேறொருவர் சுட்டபோது கடைசி ஆளாகக் கிளம்பி, தட்டுத்தடுமாறித்தான் தேறினான். நடுவில் ஒரு பொட்டலம் சாம்பார் சாதம் தின்றதைத் தவிர அவன் வேறெதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

‘எவனோ சைகை குடுக்குறான்’ என்று ஸ்தனிஸ்லாஸ் முடிவுகட்டிவிட்டார்.

ஓட்டக்காரர்களை வரிசையில் நிறுத்துகிற பரக்கத் அலியிடம் நேரே போனார். “பாய், ஏன் இருமுனீங்க?”

“இருமல் வந்துச்சு, இருமுனேன். அதுக்கும் மனு எழுதிக் குடுக்கணுமா?”

“நான் சுடுற நேரம் பாத்துத்தான் வருமா அந்த இருமல்?”

“அல்லா மேல ஆணையா, தூசி சார்! கொட்டகையைப் பாருங்க.”

“அந்தக் கோடியில தூசி கம்மி. அங்க போய் நில்லுங்க.”

அடுத்து அடைக்கலத்தின் பயிற்சியாளர் பிச்சமுத்து. சுவரோரம் நின்று சிவப்புத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸின் கண்ணுக்கு அந்தத் துண்டு கொடி மாதிரி தெரிந்தது.

“நீங்களும் வெளியில நில்லுங்க, துண்டோட.”

“என்ன சார், என்னைத் திருடன்கிறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலையே. நில்லுங்க.”

பிச்சமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

இறுதி ஓட்டம். தொடக்கக் கோட்டருகே ஆறு ஓட்டக்காரர்களையும் ஸ்தனிஸ்லாஸையும் தவிர ஈ, காக்கை இல்லை. தன் கையைப் பார்த்துத்தான் அடைக்கலம் கிளம்புகிறானோ என்று அவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இனி எவன் சைகை கொடுக்கிறான், பார்த்துவிடலாம்.

“ஆன் யுவர் மார்க்... செட்...”

கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டது. வழக்கம்போல மனசுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டு விசையை அழுத்தினார்.

அடைக்கலம் போயேபோய்விட்டான்! வெடிக்கு முன்னால் கிளம்பினான் என்று சொல்லவும் வழியில்லை. சரியாக வெடியோடு கிளம்பினான். முதலில் கிடைத்த இரண்டடி கடைசிவரை குறையவே இல்லை. எதிர்ச்சுவரில் சாத்தியிருந்த மெத்தையில் போய் முட்டி நின்றான்.

தலைமை நடுவர் அருள்நாதன் முடிவுத் தாளோடு வந்தார். ஸ்தனிஸ்லாஸ் பேனாவைத் தொடவில்லை.

“இவனைத் தள்ளணும் சார். யாரோ சைகை குடுக்குறாங்க.”

“யாருன்னு சொல்லுங்க. பேரு இல்லாம எப்படிங்க தள்ளுறது?”

ஸ்தனிஸ்லாஸ் அடைக்கலத்தின் கையை எட்டிப் பிடித்தார். “உண்மையைச் சொல்லு தம்பி. சொன்னா ஒன்னை விட்டுடறேன். சொல்லலைன்னா ஒனக்குத் துறையூர் பஸ்தான்.”

அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்து முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை; அதற்குள் எல்லாம் கையைவிட்டுப் போய்விடும்போல் இருந்தது.

“தப்புன்னு தோணலைங்க. காதுல விழுந்துச்சு, கிளம்பினேன்.”

“காதுலயா? யாரு சொன்னது?”

“வேணாம் சார். அவரு ரொம்ப நல்லவரு.”

“நல்லவரா!” ஸ்தனிஸ்லாஸ் கத்திய கத்தலில் தகரம் அதிர்ந்தது. “அருள்நாதன் சார், எழுதுங்க. அந்த ஆளு எவ்வளவு பெரிய மனுசனா இருந்தாலும் சரி, இன்னையோட எந்தப் பந்தயத்துலயும் கால் வைக்கக்கூடாது. நான் கையெழுத்துப் போடுறேன்.”

அருள்நாதன் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு எழுதினார். ஸ்தனிஸ்லாஸ் தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற பிச்சமுத்துவும், சத்தம் கேட்டு ஓடிவந்த பரக்கத் அலியும் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்ப சொல்லு. யாரு?”

அடைக்கலம் தாளிலிருந்த கையெழுத்தைப் பார்த்தான்.

“நீங்கதான் சார். வாய்க்குள்ளயே ‘சேசு, மரி, சூசை’ன்னு சொல்லுவீங்க... சூசைன்னதும் சுட்டுருவீங்க.”