எலிக்கு இந்தக் காரில் என்ன வேலை?

எங்கள் டிரைவர் அண்ணாவுக்கு நடந்தது பச்சை அநியாயம். காருக்குள் உட்கார்ந்து புகையிலை போடுகிறார் என்று பழி சுமத்தி, அப்பா அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார். அதுவும் நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க.

"ஏசியைப் போட்டா குப்புன்னு அடிக்குது நாத்தம்! எனக்கென்ன மூக்கில்லைன்னு நினைச்சியா? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"நான் போடறதில்லைங்க சார். வெட்டவெளியில நிக்கற வண்டி. எலி ஏறுது. அது வராம இருக்கத்தான் புகையிலையைத் துணியில முடிஞ்சு எஞ்சின்கிட்ட கட்டி வெச்சேன்."

"எலியா? எலிக்கு இந்தக் கார்ல என்ன வேலை? இதுக்குள்ள யாரும் எதுவும் சாப்பிடக் கூடாதுங்கறது என் சட்டம். அப்புறம் எதுக்கு வருது, ஊர் சுத்திப் பாக்கவா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அண்ணா நிமிர்ந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

'நீயாவது கேளேன்' என்கிற பார்வை. போதாதா எனக்கு?

"அப்பா, குத்தம் சொல்றவங்கதான் ஆதாரம் காட்டணும்!"

"ஆரம்பிச்சுட்டா," உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "இவளுக்குப் பல்லுக்கு முன்னாடி வாதம் முளைச்சுது."

"நீங்க சும்மா இருங்கம்மா. அப்பா, எலி இருந்துட்டா?"

"இருந்தா சாவியைத் திருப்பித் தரேன். மன்னிப்பும் கேக்கறேன். இல்லேன்னா, ஒரு மாசம் நீ என்கிட்ட எதிர்த்துப் பேசக் கூடாது."

"ஒரு மாசமா!" அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "இருங்க, இதை நான் பாத்தே ஆகணும்."

"வேண்டாம் பாப்பா," என்றார் அண்ணா. "நான் கிளம்பறேன். விட்டுடு."

"விடறதா? உங்களுக்காகத்தானேண்ணா பேசறேன்!"

எப்படி விடுவேன்? தினமும் காலையில் பல்கலைக்கழகம் போகும் வழியெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து பேச்சுப் போட்டிக்கு எழுதிய தாளைப் பார்த்துத் தொண்டை கிழியப் பழகுகிறேன். 'பாப்பா வண்டியில இருந்தா ஹார்னே தேவையில்லை' என்று சிரிப்பாரே தவிர, ஒருநாள் முகம் சுளித்ததில்லை. நான் இறங்கியதும் தட்டித் துடைத்து பின் சீட்டைப் பளிச்சென்று வைப்பார். இந்த மனிதர் மேலா பழி?

தெருமுனை மெக்கானிக்கை ஓடிப்போய் அழைத்து வந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார்.

"புகையிலை முடிச்சுதான் சார். ஆனா நல்லாக் காஞ்சு போச்சு. இதுக்கெல்லாம் எலி இனிமே பயப்படாது." உள்ளே கைவிட்டு ஒரு வயரை இழுத்துக் காட்டினார். "பாருங்க, செம்பு தெரியறவரைக்கும் கடிச்சிருக்கு."

"ஒண்ணு!" என்று கத்தினேன்.

"பேட்டரி ஓரத்துல புழுக்கை."

"ரெண்டு!"

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். "அடேங்கப்பா! இங்க குடித்தனமே நடத்தியிருக்கு!"

"மூணு! மூணு!" நான் குதித்த குதியில் எதிர்வீட்டு மாமா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

உள்ளே பந்து போல ஒரு கூடு. மெக்கானிக் அதை வெளியே எடுத்ததுதான் தாமதம், அண்ணா பாய்ந்து வந்தார்.

"குடுங்க, குடுங்க, நான் குப்பையில போட்டுடறேன்."

"அண்ணா! தொடாதீங்க!" அவர் கையைத் தடுத்தேன். "அதுதான் உங்களுக்கு ஆதாரம்! கீழ வைங்க, அப்பா நல்லாக் கண் குளிரப் பாக்கட்டும்."

செய்தித்தாளை விரித்து வைத்துப் பிரித்தார் மெக்கானிக். சீட்டுப் பஞ்சு, நூல், கடித்துக் குதறிய காகிதம். நடுவில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை.

"சாவி?" என்று அப்பாவிடம் கையை நீட்டினேன்.

அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. சாவி பாதி வெளியே வந்தது. அங்கேயே நின்றது.

"கடலை எப்படி வந்துச்சு?"

"பின் சீட்டுக்கு அடியில சிந்தினதை இழுத்துட்டு வந்திருக்கும் சார்," என்றார் மெக்கானிக். "தீனி கிடைக்கற வண்டியைத்தான் அது விடாது."

அப்பாவின் முகம் சிவந்தது. "அப்போ யாரோ என் வண்டியில உக்காந்து தின்னிருக்காங்க. யாரது?"



"நான்தான் சார்," என்றார் அண்ணா. "வண்டி சும்மா நிக்கறப்போ கொறிப்பேன். தப்புத்தான்."

"கேட்டுக்கிட்டியா?" அப்பா என் பக்கம் திரும்பினார். சாவி மறுபடி பைக்குள் போயிற்று. "எலிக்கு விருந்து வெச்சதே உங்க அண்ணாதான். இப்ப வாதாடேன் பாக்கலாம்! எங்க போச்சு அந்த வாய்?"

நான் கூட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். நகம் அளவு காகிதத் துண்டுகள். ஒன்றில் '...ழைப்பவர் மானம்'. இன்னொன்றில் '...நீதி கேட்...'.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணா யாருக்கும் தெரியாமல், 'வேண்டாம்' என்று தலையை அசைத்தார்.

"என்னடி, பதிலையே காணோம்?" என்றாள் அம்மா.

"சாவியை அண்ணாகிட்ட குடுங்கப்பா," என்றேன். "கடலை மடிச்ச தாள்ல இருக்கறது என் கையெழுத்து."