இரண்டு பக்கமும்

"ரத்தத்துல பால்வினைத் தொற்று இருக்கும்மா. விட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா" என்ற நர்ஸ், தவமணிக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி போட்டு அனுப்பினாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியாமல் நின்றே வந்தாள். கணவனைத் தவிர எவனையும் அறியாதவள்தான். ஆனாலும் 'எவன்கிட்ட வாங்கினே?' என்று கேட்டுவிடுவானோ எனப் பயந்தாள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் செந்தட்டியிடம், "சத்து ஊசி போட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பக்கமும் போட்டிருப்பாங்களே. ஒத்தடம் குடு, ரெண்டு நாளைக்கு உட்கார முடியாது" என்றான்.

தவமணி வயிற்றில் கைவைத்து, பிள்ளை ஒருமுறை அசையட்டும் என்று காத்து நின்றாள்.