கீறல் விழாத தொட்டி

அது செவ்வாயா புதனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் கைப்பெட்டியோடு பெரெல் மாடிப்படி ஏறியபோது, அவளுக்கு முன்னால் இரண்டு ஆட்கள் ஒரு வெள்ளைக் குளியல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நிஜம்.

“பாத்து, பாத்து! சுவத்துல இடிச்சா கீறல் விழுந்துடும்!” என்று மூன்றாம் மாடியிலிருந்து பதறினார் அவள் கணவர் அஸ்ரியேல். முப்பது வருஷமாக அந்த வீட்டில் எது கீறினாலும், எது கிழிந்தாலும், வேத நூலிலிருந்து தலையைத் தூக்காத மனிதர்.

எதிர்வீட்டுக்காரர்கள் வாங்கியது போலிருக்கிறது என்று பெரெல் நினைத்தாள். தொட்டி தன் வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

போன குளிர்காலத்தில் பழைய தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது வழுக்கி, அவள் முழங்கால் உடைந்தது. இனி தொட்டியில் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை எடுத்துவிட்டு, உட்கார்ந்து குளிக்க ஒரு ஷவரும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டுத் தருவதாக அஸ்ரியேல் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான், வேலை முடியும்வரை அவள் இளைய மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள்.

“என்னங்க இது?”

“தொட்டி.”

“அது கண்ணுக்குத் தெரியுது. ஷவர்னு சொன்னீங்களே?”

அவர் தாடியை நீவினார். “வீடுன்னா தொட்டி இருக்கணும், பெரெல்.”

“யாருக்கு இருக்கணும்? என்னால அதுல ஏறி இறங்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பிற்பகல் ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். ஜெபத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

பெரெல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கும் போலிருக்கிறது.

அந்த வீட்டில் தொட்டிக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. மாதாமாதம் விலக்கு முடிந்து, ஏழு நாள் எண்ணி, ஏழாம் நாள் மாலை ஒரு மணி நேரம் அதில் ஊறுவாள். நகம் வெட்டி, தலைமுடியைச் சிக்கெடுத்து, பிறகு தெருக்கோடியில் உள்ள மிக்வே என்னும் யூதர் சடங்குக் குளத்தில் முழுகி வருவாள். வந்த பிறகுதான் கணவன் கையைத் தொடலாம். இருபத்தெட்டு வருஷம் அப்படி. மாதவிலக்கே அடியோடு நின்று இரண்டு வருஷமாகிறது. மிக்வேக்கு எடுத்துப்போகும் பையைக்கூட இளையவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த இளையவளுக்கே போன் செய்தாள்.

“அப்பா தொட்டி வாங்கிட்டார்டி.”

“ஷவர்?”

“இல்ல.”

மகள் சிரித்தாள். “கோவிச்சுக்காதம்மா. பழைய ஞாபகமா இருக்கும். இந்த வயசுல அப்பாவுக்கு உன் மேல திரும்ப ஆசை வந்திருக்கு!”

“போடி, வாயாடி,” என்று பெரெல் போனை வைத்தாள். அப்படியும் இருக்குமோ என்று மனசு ஒரு கணம் இளகியது. உடனே முழங்கால் வலித்தது.

அவர்களுக்கு மூன்றும் பெண். மூன்று பேரும் கல்யாணமாகி அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். செத்தால் கதீஷ் ஜெபம் சொல்ல ஒரு ஆண்பிள்ளை இல்லையே என்று ஜெபக்கூடத்தில் யாராவது இழுத்தால், “கடவுள் கொடுத்தது போதும்” என்பார் அஸ்ரியேல். சொல்லிவிட்டு அன்று முழுக்க யாருடனும் பேச மாட்டார்.

குளியலறையில் பிளம்பர் மக்லூஃப் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். பெரெல் எழுந்து சுவரைப் பிடித்தபடி அங்கே போனாள்.

“மக்லூஃப், அதை மாட்டாதீங்க. கடைக்கே திருப்பி அனுப்பிடலாம்.”

“நான் என்ன பண்ணட்டும், ரபனித்?” மார்க்கம் படித்தவரின் மனைவி என்று அவளை அவர் எப்போதும் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார். “அம்மாவுக்குக் கால் இப்படி இருக்கே, ஷவர்தான் சரின்னு நானே ரெண்டு தடவை சொன்னேன். உங்க வீட்டுக்காரர் ஒரே பிடியா நின்னார்.”

“என்ன சொன்னார்?”

“புதுப் பொண்ணு வர்ற வீடு, தொட்டி இல்லாம எப்படின்னார்.”

பெரெல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மக்லூஃப் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயையோ, நிச்சயம் ஆனதை இன்னும் வெளியே சொல்லலையா? கவலைப்படாதீங்க, நான் மூச்சு விட மாட்டேன்.” ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பன்னிரண்டு வருஷமா இந்த வீட்டுக் குழாயைப் பாக்கறேன், மூணு பொண்ணுங்க கல்யாணத்துலயும் சாப்பிட்டிருக்கேன். உங்களுக்கு ஒரு பையன் இருக்கறதே எனக்குத் தெரியாதே!”