வாணியின் அஞ்சரை மணி

"நல்லாப் பாத்துச் சொல்லு. சின்ன முள்ளு எங்க நிக்குது?"

"அஞ்சைத் தாண்டி."

"பெரிய முள்ளு?"

"ஆறுல. அப்ப அஞ்சரை."

"ஆமா, உனக்கு மட்டும் பஸ்ஸு பறந்து வருதாக்கும்!"

சரண்யாதேவி தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறரை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் தமிழ்வாணி தினமும் இதே பதிலைத்தான் சொல்கிறாள். நேற்று பொறுமை இழந்து தலையில் ஒரு குட்டு வைத்தபோதும் அஞ்சரைதான்.

கோரிப்பாளையத்து மருந்துக் கடையில் பில் போட்டு முடித்து, நெரிசலில் ஊர்ந்து ஒத்தக்கடை வந்து இறங்குவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு மலையம்மாளிடமிருந்து மகளைக் கூட்டி வந்து கதவைத் திறந்ததும், "அம்மா எத்தனை மணிக்கு வந்தேன், சொல்லு பாப்போம்" என்று கேட்பாள். மணி பார்க்கச் சொல்லித்தர அவளுக்குக் கிடைக்கிற நேரம் அதுதான்.

ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் வீரணன், பொங்கலுக்கு வந்தபோது கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஆறு மணி தாண்டியும் பிள்ளை அடுத்த வீட்டுல கெடக்கணும்னா அப்படி ஒரு வேலை வேணாம். லேட்டா வாரேன்னு தெரிஞ்சுச்சு, மறுநாளே நின்னுரு."

தினமும் போனில் மகளிடம்தான் விசாரிப்பான். அவள் அஞ்சரை என்பாள். அவனும் நம்பிவிடுவான்.

பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாததால்தான் தன் வேலை தப்பித்துக் கிடக்கிறது என்று நினைத்தால் சரண்யாதேவிக்குச் சோறு இறங்காது. இதற்காகவே அரைகுறையாகச் சொல்லித்தருகிறோமோ என்றுகூடத் தோன்றும். நாளைக்கு வகுப்பில் மிஸ் கடிகாரத்தைக் காட்டி மணி கேட்கப் போகிறார். வேலை போனால் போகட்டும் என்று இன்று முடிவு செய்துவிட்டாள்.

அட்டையில் செய்த கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முள்ளைத் திருப்பினாள்.

"இது?"

"மூணே கால்."

"இது?"

"எட்டு அம்பது."

எப்படித் திருப்பினாலும் டக்கென்று பதில் வந்தது.

"அடியே, எல்லாம் சரியாச் சொல்றியே! அப்புறம் ஏன் செவுத்துல மட்டும் தப்பாகுது? ரோமன் எழுத்தா இருக்கதால குழப்புதா?"

வாணி தலையைக் குனிந்துகொண்டாள். மேசையில் இருந்த போன் அடித்தது. திரையில் வீரணன்.

எடுக்கப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாணி சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆறு அம்பதும்மா" என்றாள் சரியாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அப்பா கேட்டா, நீயும் அஞ்சரைன்னே சொல்லும்மா."