நைனா இளைக்கிறார்

"நைனா, மறைக்காம சொல்லு. உனக்கு இன்னா வியாதி?"

தமிழினி வழிமறித்துக் கேட்டாள். மூன்று நாளாக அப்பா கன்னியப்பன் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர்கூட இரண்டு மடக்குதான். தினமும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இருக்கும் எடை மெஷினில் ஏறி, எடை குறையக் குறையச் சிரிக்கிறார்.

"வியாதியெல்லாம் இல்ல. உடம்புல பாதிக்கு மேல தண்ணிதான்னு நீதான படிச்சே? அத வடிச்சா எடை எறங்குது."

"எதுக்கு எறங்கணும்? உனக்கு இன்னா, கல்யாணமா?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "நீ பிளஸ் டூ பாஸானா, எடைக்கு எடை வெல்லம் தர்றேன்னு மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கினேன். அமாவாசைக்குத் தராசுல ஏறணும். எண்பது கிலோ வெல்லத்துக்கு எங்க போறது?"

தமிழினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும்.

"யாரு எடைன்னு சொல்லி வேண்டிக்கினே?"

அவர் யோசித்தார். "அது... சொல்லலியே!"

"அப்போ பாஸான நான் ஏர்றேன். நீ மொதல்ல சாப்புடு."

"மீனம்பா, சோறு போடு!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார் கன்னியப்பன்.

இரண்டு தட்டு வந்தது. தமிழினி தன் தட்டை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.

"இதையும் நீயே சாப்புடு நைனா. இனிமே எளைக்க வேண்டியது நான்."