இரண்டு ரிசீவர்

வலது இறக்கை மறுபடியும் நடுங்கியது.

இறக்கை முழுவதும் இல்லை. அதன் பின்விளிம்பில் ஏறி இறங்கும் பலகை மட்டும். சுந்தரவல்லி எட்டிப் பார்த்தாள். இடது பக்கப் பலகையிலும் அதே நடுக்கம்.

பொத்தேரிக்குப் பின்னால் வறண்டு கிடந்த ஏரியில், தார்ப்பாயின் மேல் நின்றிருந்தது அந்த மாடல் விமானம். ஓர் ஆள் படுத்துக் கைகளை விரித்தாலும் இறக்கையின் நுனிகளை எட்ட முடியாது. சேலையூர்ப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் அவளும், விமானப்படையில் ரேடியோ பழுது பார்த்து ஓய்வுபெற்ற லாசரஸும் சேர்ந்து செய்தது. அவள் வீட்டு ஷெட்டில் மூன்று வருடம் இது வளர்ந்தது. கார் தெருவில் நின்றது.

இவ்வளவு பெரியது சிக்னல் அறுந்து விழுந்தால் கீழே நிற்பவரின் தலை தப்பாது. அதனால்தான் உள்ளே சிக்னலை வாங்க இரண்டு ரிசீவர். வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று, தனித்தனி பேட்டரி. ஒன்று செத்தாலும் மற்றது தரையிறக்கிவிடும்.

நடுக்கம் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. முதலில் என்ஜினின் தீப்பொறிதான் காரணம் என்றார் லாசரஸ். அப்புறம் வலது ரிசீவரை மாற்றிவிட்டேன் என்றார். போன ஞாயிறு இடதையும் மாற்றிவிட்டேன் என்றார்.

இன்று என்ஜினை இன்னும் முடுக்கவே இல்லை. இரண்டும் நடுங்கின.

கிளப் செயலாளர் தனசேகர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரே பேஜாரா கீது மேடம். இன்னிக்கி வாணாம். இல்லாங்காட்டி நம்ம கிளப் பையன் கார்த்தி கையில குடுங்க, அவன் வுடட்டும்."

"மூணு வருஷம் உக்காந்து ஒட்டினது கார்த்தி இல்ல சார்."

தனசேகர் நகர்ந்துவிட்டார். அவளுக்குக் காது சுட்டது.

இரண்டு ரிசீவர், இரண்டு பேட்டரி, வேறு வேறு வயர். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்? மாணவி யாராவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பாள். கோளாறு இரண்டுக்கும் பொதுவான ஒன்றில் இருக்க வேண்டும்.

பொதுவாக இருந்தது அவள் கையிலிருந்த டிரான்ஸ்மிட்டர்.

கழுத்துப் பட்டையைக் கழற்றி, அதை அப்படியே பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்தாள்.

பலகைகள் நின்றன.

எடுத்தாள். கட்டைவிரலை, பலகைகளை அசைக்கும் குச்சியின் மேல் வைத்தாள். நடுங்கின.

மறுபடி வைத்தாள். நின்றன.

அதற்கப்புறம் அவள் விமானத்தைப் பார்க்கவில்லை. தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள்.

சும்மா இருந்தபோது அது ஆடியது. எதையாவது அழுத்திப் பிடித்தால் அடங்கியது. விட்டால் மறுபடி ஆரம்பித்தது.

போர்டில் எழுத்து வரவரச் சின்னதாகிறது என்று கடைசி பெஞ்சுப் பெண்கள் அரையாண்டிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தாள். கோளாறு அவர்கள் கண்ணில் இல்லை, இந்தக் கையில்.

 கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். பார்ப்பாள். அவர் சொல்வதைக் கேட்பாள். அதெல்லாம் நாளைக்கு.

டிரான்ஸ்மிட்டரின் சின்னத் திரையைத் தட்டி, குச்சியின் நடுப்பகுதியை மந்தமாக்கினாள். இனி லேசான அசைவுகளை அது கண்டுகொள்ளாது. அழுத்திச் சொன்னால்தான் கேட்கும். விரலை வைத்தாள். விரல் ஆடியது. பலகைகள் அசையவில்லை.

சிக்னல் தூரம் எட்டுகிறதா என்று ஆன்டெனாவை மடக்கிக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்து பார்த்தாள். அங்கிருந்தும் இரண்டு பக்கமும் சொன்னதைக் கேட்டன.

"எல்லாரும் எனக்குப் பின்னாடி வந்துடுங்க."

தனசேகர் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். லாசரஸ் ஒன்றும் கேட்காமல் போய் முன்விசிறியைச் சுழற்றிவிட்டார்.

விமானம் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி, எழுந்தது.

நேராக, சாதுவாகப் பறக்கவிடுவதுதான் அவள் வழக்கம். அன்று விரலுக்கு ஒரு நொடியும் ஓய்வு கொடுக்கவில்லை. சாய்த்தாள், திருப்பினாள், தலைகீழாக உருட்டினாள், மேலே ஏற்றி வட்டமடித்து இறக்கினாள். வேலை இருந்தவரை அந்த விரல் அவளுடையதாக இருந்தது. கரையில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

இறங்கும்போது ஒரு குதி குதித்தது. ஆனாலும் சக்கரத்தில் நின்றது.

லாசரஸ் மேல்மூடியைத் திறந்து சுவிட்சுகளை அணைத்தார். அவள் மூச்சு வாங்க அவர் பக்கத்தில் குந்தினாள்.

"ரிசீவர்ல ஒரு தப்பும் இல்ல சார். நீங்க கழட்டின பழசு ரெண்டையும் தூக்கிப் போட்டுடலயே?"

அவர் நிமிரவில்லை. ஏற்கனவே இறுகியிருந்த ஒரு திருகை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் மாத்தவே இல்ல டீச்சர். மொத வாரமே உங்க கையைப் பாத்துட்டேன். சொல்ல வாய் வரல."

 அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அப்போ ஓட்டுற ஆளையும் மாத்த வேணாம்," என்றாள்.