செக்கர் வீட்டுக் கம்ப்யூட்டர்

"நீதான் இதை ஏதோ பண்ணியிருக்கே" என்றார் செக்கர்.

மகள் இல்லை என்று தலையாட்டினாள், அவ்வளவுதான். கோபம்கூட வரவில்லை. தப்பு செய்யாதவளுக்குக் கோபம் வர வேண்டுமே என்று அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளாகவே வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துகிறது. பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், உள்ளே காற்றாடி சுற்றும், திரையில் புள்ளிகள் வட்டமாக ஓடும். பிறகு எல்லாம் அப்படியே உறைந்து நின்றுவிடும். திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டால் எப்போதாவது மனசு வந்து திறக்கும்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. தெருவே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிட்டது. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே எப்படிப் பார்ப்பான் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் லீவு எடுத்துக்கொள்வதில்லை.

மகளும் சமீபமாக அப்படித்தான் ஜன்னலைப் பார்த்தாள். அவர் அறைக்குள் வந்தால் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு மூடிக்கொள்வாள். காலேஜில் ஏதோ நடக்கிறது, மறைக்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி, "சந்தேகமா இருந்தா அவகிட்டயே கேட்டுடுங்களேன்" என்றாள்.

"டிக்கெட் எடுக்காதவன் எவன் கேட்ட உடனே ஒத்துக்கிட்டான்?" என்று அவள் வாயை அடைத்தார்.

அதனால் மகளைக் கேட்கவில்லை. டிப்போவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைப் பிடித்து, மகள் காலேஜுக்குப் போன நேரத்தில் அதில் ஒரு புரோகிராமைப் போட வைத்தார். அவள் அடிக்கிற எழுத்தெல்லாம் அவருடைய போனுக்கு வந்துவிடும். மனைவிக்குக்கூட அவர் இதைச் சொல்லவில்லை.

வந்ததெல்லாம் பாடம், கட்டுரை. ஆனால் நடுநடுவே, யார் பெயரும் போடாமல், யாருக்கும் அனுப்பாமல், சில வரிகள் இருந்தன.

'இன்னிக்கு கிளாஸ் முன்னாடி பேசும்போது பாதியில எல்லாம் மறந்துபோச்சு. நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருந்திருக்கும்.'

'மதியம் சாப்பிடவே பிடிக்கலை. உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு.'

நீங்க, உங்க என்று மரியாதை வேறு. அப்படியானால் ஆள் வயதில் பெரியவன். செக்கருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆள் யாரென்று தெரிந்த மறுநாளே அவள் படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவே கட்டிவிட்டார். பெயர் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் இந்தப் பாழாய்ப்போன பெட்டி மக்கர் பண்ணுகிறது. தடயத்தை அழிக்க அவளேதான் ஏதோ செய்திருக்கிறாள், வேறென்ன.

ரிப்பேர்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். தூசியை ஊதினார். மெமரிப் பட்டையைக் கழற்றி அதன் பல் வரிசையை ரப்பரால் தேய்த்து மாட்டினார். அப்படியும் புள்ளிகள் ஓடி நின்றன. செக்கர் அவர் தோளுக்குப் பின்னால் காவல் நின்றார்.

"அப்பா, நேத்து காலேஜ்ல ஒண்ணு நடந்தது" என்று ஆரம்பித்தாள் மகள்.

"இப்போ அதுவா முக்கியம்? அப்புறம் சொல்லு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதிதாக ஏதாவது புரோகிராம் போட்டீர்களா என்று ரிப்பேர்காரர் கேட்டார்.

"நான் அந்தப் பக்கமே போறதில்லை" என்றார் செக்கர். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழுகிற புரோகிராம்களை ரிப்பேர்காரர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். ஒன்றை நிறுத்தியதும் பெட்டி மடமடவென்று திறந்துகொண்டது.

"பிடிச்சுட்டேன் சார். அடிக்கற எழுத்தையெல்லாம் யாருக்கும் தெரியாம வெளியே அனுப்பற புரோகிராம் இது. வைரஸ் தடுப்பு தினமும் இதைப் பிடிக்கப் பார்க்குது, இது நழுவப் பார்க்குது. ரெண்டும் கட்டிப் புரள்றதுலதான் பெட்டி நின்னுடுது. யாரோ வேணும்னே போட்டிருக்காங்க."

செக்கர் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு, பரிசோதகர் ஏறும்போது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"எடுத்துடறேன் சார்" என்று ரிப்பேர்காரர் மவுஸைப் பிடித்தார்.

"வேண்டாம்ணா. அதை எடுக்காம சரி பண்ண முடியுமா?" என்றாள் மகள்.

ரிப்பேர்காரர் விழித்தார். "இது வேவு பார்க்கறதும்மா."

"தெரியும். அப்பா போட்டது. போட்ட அன்னிக்கே வைரஸ் தடுப்பு காட்டிக்கொடுத்துடுச்சு."

அகப்பட்டுக்கொண்டவருக்கு முதலில் வந்தது ரோஷம்தான். போனை எடுத்து அந்த வரிகளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ரிப்பேர்காரர் அங்கே இருப்பதுகூட மறந்துவிட்டது.

"நான் பார்க்கறேன்னு தெரிஞ்சுமா இதையெல்லாம் எழுதினே? யாருக்கு எழுதினே, சொல்லு."

மகள் ஜன்னலை விட்டுத் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குத்தான்ப்பா. நேர்ல வாயைத் திறந்தா அப்புறம்னு சொல்லிடறீங்க. அதுல எழுதினா ஒரு வரி விடாம படிக்கறீங்களே."